நான்கு முறை வாகை சூடிய தொழிலாளி

கோல்ப் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது துரைமார்களின் உருவமே. 1829-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஏற்பட்ட கோல்ப் கிளப்பே பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள அத்தகைய கிளப்புகளில் மிகவும் பழமையானது. அன்று தொடங்கிப் பட்டாளத்து அதிகாரிகளும், வர்த்தகக் கம்பெனி முதலாளிகளும், கோடைக் காலத்தில் மலைவாசம் செய்யும் சீமான்களும் ஆடி வந்த ஆட்டமாதலால், அது செல்வர்களுக்கே உரிய பொழுதுபோக்கு என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் அது பிறந்து வளர்ந்த ஸ்காட்லாந்து தேசத்தின் கடற்கரை ஊர்களில் கதை வேறு. அங்கே பிரபுவும் ஆடினார், கொத்தனும் ஆடினான், மீனவன் மகனும் ஆடினான். பிரபுவுக்கு அது விளையாட்டு. ஏழைக்கு அதுவே ஜீவனம். மட்டை செய்தும், புல்தரையைப் பேணியும், பிறருக்குக் கற்றுக் கொடுத்தும், பணயம் வைத்து ஆடியும் பிழைத்த ஒரு வகுப்பு அந்த ஊர்களில் உருவாயிற்று. இவர்களையே தொழில்முறை ஆட்டக்காரர் என்பர். ஊதியம் பெறாது ஆடும் கனவான்களுக்கு அமெச்சூர் என்று பெயர். நாடக சபைகளின் வாயிலாக இச்சொல் நம் நேயர்களுக்கும் பழக்கமானதே.

அந்தத் தொழில் வகுப்பிலே பிறந்து, பதினாறாம் வயதில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து சென்று, ஒரு புதிய நாட்டுக்கே ஆட்டம் கற்பித்தவர்களுள் ஒருவர் வில்லி ஆண்டர்ஸன். அமெரிக்காவின் தலைசிறந்த கோல்ப் பந்தயத்தை அவர் நான்கு முறை வென்றார். ஆயினும் அவர் வென்ற மைதானங்களின் மாளிகைகளில் முன்வாசல் வழியாக நுழையும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. ஒரு மனிதனுடைய திறமையைக் கைதட்டிப் பாராட்டிக்கொண்டே அந்த மனிதனை வெளியில் நிறுத்தி வைக்கச் சமூகத்தால் முடியும் என்பதற்கு அவருடைய சரித்திரம் ஒரு சான்று.

கடற்கரைப் பள்ளிக்கூடம்

ஸ்காட்லாந்தின் கீழ்க்கரையில், போர்த் என்னும் கடற்கழியின் தென்புறத்தில், நார்த் பெரிக் என்ற சிற்றூர் உள்ளது. கடலிலிருந்து நெட்டாக எழுந்து நிற்கும் பாஸ் பாறையை அவ்வூரிலிருந்து காணலாம். ஊருக்கு மேற்கே அலையோரமாகப் பரந்து கிடக்கும் மணற்பாங்கான புல்வெளியே அதன் கோல்ப் மைதானம். குறுக்கே ஓடும் பழங்காலக் கருங்கற் சுவர்களையும் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டியிருப்பது அந்த மைதானத்தின் விசேஷம். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியான ஆர்தர் பால்பர் போன்ற பெரிய மனிதர்கள் அங்கே ஆட வருவது வழக்கம்.

அவ்வூரில் 1879-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி வில்லி பிறந்தார். தந்தை டாம் ஆண்டர்ஸன் அந்த மைதானத்தின் புல்தரையைப் பேணும் தலைமைப் பணியாளர். ஆகவே வில்லிக்கு எழுத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, புல்வெளிப் பள்ளிக்கூடம் ஒன்று என இரண்டு பள்ளிக்கூடங்கள் அமைந்தன. பதினோராவது வயதிலேயே உரிமம் பெற்று, ஆட வரும் கனவான்களின் மட்டைப் பையைச் சுமக்கத் தொடங்கினான் சிறுவன். காற்று எத்திசையில் வீசினால் பந்து எவ்வளவு தூரம் விலகும், ஈரப் புல்லில் எவ்வளவு உருளும் என்பவற்றை அத்தகைய சிறுவர்கள் நூல்களில் கற்பதில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்டை ஊரான கல்லேனில் மட்டை செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார் வில்லி. அக்காலத்து மட்டை முழுவதும் கைவேலை. ஹிக்கரி என்னும் உறுதியான மரத்திலே தண்டு; கடினமான வேறு மரத்திலே அல்லது இரும்பிலே தலை. இரண்டையும் பொருத்தி, மெழுகு நூலால் சுற்றிக் கட்டி, ஆடுபவரின் உயரத்துக்கும் கைக்கும் தக்கபடி இழைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டறையில் பழகியது பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

புதிய நாட்டின் பித்து

இங்கே கடலுக்கு அப்பால் நடந்ததையும் சிறிது சொல்ல வேண்டும். 1888-ஆம் ஆண்டில் நியூயார்க்குக்கு அருகே யாங்கர்ஸ் என்ற ஊரில், ஜான் ரீட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு கோல்ப் கிளப்பைத் தொடங்கினார். அதன் பிறகு அமெரிக்கச் செல்வர்களை இந்த ஆட்டம் பித்துப் போலப் பிடித்துக்கொண்டது. 1894-ஆம் ஆண்டில் தேசீய அளவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1895-இல் நியூபோர்ட் நகரில் முதலாவது அமெரிக்க ஓபன் பந்தயம் நடந்தது. ஓபன் என்றால் அமெச்சூரும் தொழிலாளியும் ஒருங்கே கலந்துகொள்ளும் பந்தயம் என்று பொருள். அன்று வந்து ஆடியவர்கள் பதினொருவர்தாம். ஆனால் 1900-ஆம் ஆண்டுக்குள் அந்த நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் மைதானங்கள் தோன்றிவிட்டன!

மைதானம் கட்டப் பணம் இருந்தது. ஆடுவதற்கு ஓய்வும் இருந்தது. கற்றுக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. அப்போது ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊர்களிலிருந்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். கார்னூஸ்டி என்ற ஒரு சிற்றூர் மட்டுமே நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பியது. அவ்வூர் ஸ்மித் சகோதரர்கள் அமெரிக்கப் பந்தயங்களில் பெரும் புகழ் பெற்றார்கள். டோர்னக் ஊரிலிருந்து 1899-இல் சென்ற டானல்ட் ராஸ் என்ற தச்சர், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மைதானங்களை வகுத்துச் செல்வரானார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பெரும்பாலோர் மட்டை இழைத்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும், பனிக்காலத்தில் வேலையின்றியும் காலந்தள்ளினார்கள்.

இந்த வெள்ளத்தில் ஒரு துளியாக 1896-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வில்லி ஆண்டர்ஸன் அமெரிக்கக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. ரோட் ஐலண்ட் மாகாணத்து வாட்ச் ஹில் என்னும் கடற்கரை ஊரில், மிஸ்க்வாமிகட் என்ற கிளப்பில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. நம் நாட்டில் அவ்வயதுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவரோ தம்மைப் போல் மும்மடங்கு வயதுள்ள கனவான்களுக்கு மட்டையைப் பிடிக்கும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியருக்கு உரிய மரியாதை

கற்பிப்பவரைக் குருவாக மதிப்பது நமது மரபு. அமெரிக்கக் கிளப்புகளில் இந்த ஆசிரியர்களின் நிலைமை வேறாக இருந்தது. அவர்கள் சம்பளம் வாங்கும் வேலைக்காரர்களே. அங்கத்தினர்கள் உடை மாற்றும் அறைக்கும் உணவு அருந்தும் கூடத்துக்கும் அவர்கள் போகக்கூடாது. மட்டைப் பட்டறையே அவர்களுக்கு இருப்பிடம். பின்வாசலே அவர்களுக்கு வாசல். நேர்மையிலும் அவர்கள்மீது ஐயம் இருந்தது. 1898-இல் ஓபன் பந்தயத்தை வென்ற பிரெட் ஹெர்ட் என்பவரிடம், வெற்றிக் கிண்ணத்தைக் கொடுப்பதற்கு முன் ஈட்டுத் தொகை கேட்டு வாங்கினார்கள் என்று ஒரு வரலாறு உண்டு. குடிப்பழக்கமுள்ள மனிதர் கிண்ணத்தை அடகு வைத்துவிடுவாரோ என்ற பயமாம்!

அவமதிப்புக்கு ஆளானவர்கள் பிறரை அவமதிக்க மாட்டார்கள் என்று நாம் எண்ணுவோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1896-இல் ஷின்னகாக் மைதானத்தில் நடந்த இரண்டாவது ஓபன் பந்தயத்தில் ஜான் ஷிப்பென் என்ற நீக்ரோ வகுப்பு இளைஞரும், ஆஸ்கர் பன் என்ற செவ்விந்திய இளைஞரும் ஆடப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவ்விருவரும் ஆடினால் தாங்கள் ஆடமாட்டோம் என்று, பிரிட்டனிலிருந்து வந்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். சங்கத் தலைவர் தியடோர் ஹேவ்மேயர் அசையவில்லை. இவ்விருவர் மட்டுமே ஆடுவதாக இருந்தாலும் பந்தயம் நடந்தே தீரும் என்று கூறிவிட்டார். பந்தயம் நடந்தது, எல்லோரும் ஆடினார்கள். பின்வாசல் மனிதர்களுக்குள்ளும் ஒரு பின்வாசல் இருந்தது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

ஓரடியில் நழுவிய வெற்றி

ஆண்டர்ஸன் முதன்முதலாக ஓபன் பந்தயத்தில் ஆடியது 1897-ஆம் ஆண்டில், சிகாகோ கோல்ப் கிளப்பில். ஆட்ட விதி எளிது. பதினெட்டுக் குழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தைப் போட வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுவார். அக்காலத்தில் ஒரே நாளில் இரண்டு சுற்று ஆடிப் பந்தயத்தை முடித்துவிடுவார்கள்.

அன்று ஆண்டர்ஸன் 163 அடிகளில் முடித்தார். பதினேழு வயதுச் சிறுவர் முதற்பரிசைப் பெறப் போகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்த தருணத்தில், ஜோ லாயிட் என்னும் ஆங்கிலேயர் கடைசிக் குழிக்கு வந்தார். நானூற்றைம்பது கஜத்துக்கு மேற்பட்ட அந்த நீண்ட குழியை மூன்றே அடிகளில் முடித்தார். அவருடைய மொத்தம் 162. ஓர் அடியில் வெற்றி நழுவியது. அடுத்த வெற்றிக்கு ஆண்டர்ஸன் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.

அவரைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருப்பவற்றிலிருந்து ஒரு சித்திரம் கிடைக்கிறது. அகன்ற தோள்கள், பருத்த முன்கைகள், பெரிய உள்ளங்கைகள், தலையில் கட்டம் போட்ட துணித் தொப்பி. மட்டையை உயரத் தூக்காமல் உடம்பைச் சுற்றித் தாழ்வாக வீசும் பழைய ஸ்காட்லாந்துப் பாணி. பேச்சு குறைவு, சிரிப்பு அதனினும் குறைவு. நல்ல அடி விழுந்தாலும் முகம் மலராது. கெட்ட அடி விழுந்தாலும் சுளிக்காது. அந்த மௌனத்தைக் கர்வம் என்றார் சிலர். மன உறுதி என்றார் சிலர்.

சமையலறைச் சச்சரவு

மௌனியான அந்த மனிதர் ஒருமுறை வாய் திறந்தார். 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள மயோபியா ஹண்ட் கிளப்பில் ஓபன் பந்தயம் நடந்தது. குதிரையேறி வேட்டையாடும் பெருந்தனக்காரர்களின் கிளப் அது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் மாளிகையின் சமையலறையிலே உணவருந்த வேண்டும் என்று அங்கே உத்தரவு பிறந்தது. ஆட்டக்காரர்கள் புல்தரையில் கூடி நின்றார்கள். கையில் மட்டையை மெல்ல வீசிக்கொண்டிருந்த ஆண்டர்ஸன், தம் ஊர்ப் பேச்சிலேயே, சமையலறையில் நாங்கள் சாப்பிடப் போவதில்லை என்று முணுமுணுத்தார். மீண்டும் சொன்னார், குரல் உயர்ந்தது. மூன்றாவது வீச்சில் மட்டை தரையில் ஆழப் பதிந்து, கிளப்பின் அழகிய புல்தரையிலிருந்து பெரியதொரு மண்கட்டியைப் பெயர்த்து எறிந்தது என்பர். இந்த நிகழ்ச்சி கோல்ப் உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

முடிவு என்ன? உணவுக் கூடம் திறக்கவில்லை. சமையலறைக்கும் யாரும் போகவில்லை. வெளியில் ஒரு கூடாரம் அடித்து அங்கே உணவு பரிமாறினார்கள். அரை வெற்றி என்றே சொல்லலாம். ஆயினும், வேலை போய்விடும் என்று அஞ்சி வாழும் தொழிலாளிகளில் இருபத்தொரு வயதுகூட முழுமையாக நிரம்பி ஓராண்டாகாத ஒருவர் முதலாளிகளின் முற்றத்தில் நின்று மறுத்துப் பேசியது சாதாரணக் காரியமன்று.

அதே பந்தயத்தில் வென்றவரும் அவர்தாம். மயோபியா மைதானம் மிகக் கடுமையானது. நான்கு சுற்றுப் பந்தயத்தில் ஒரே ஒரு சுற்றிலாவது 80-க்குக் குறைந்த அடிகளில் முடித்தவர் எவரும் இல்லை. ஆண்டர்ஸனும் கார்னூஸ்டி ஊர் அலெக் ஸ்மித்தும் ஆளுக்கு 331 அடிகள் எடுத்துச் சமமாக நின்றார்கள். வெற்றியைத் தீர்மானிக்கும் மறு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை. அன்று மைதானம் அங்கத்தினர்களுக்கு வேண்டியிருந்தது! திங்கட்கிழமையன்று ஆண்டர்ஸன் 85 அடிகளிலும் ஸ்மித் 86 அடிகளிலும் முடித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அடியில் இழந்ததை அவர் ஓர் அடியிலேயே திரும்பப் பெற்றார். பரிசுத் தொகை 200 டாலர்.

மூன்றாண்டில் மூன்று வெற்றி

அந்த நாட்களில் ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பொருளொன்று வந்தது. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சா என்ற பிசினால் செய்த கெட்டியான பந்தே 1848 முதல் வழக்கத்தில் இருந்தது. 1898-இல் கிளீவ்லாந்து நகரவாசியான கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி அதன்மேல் உறையிட்டுப் புதிய பந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அது வெகுதூரம் பறந்தது, துள்ளி உருண்டது. பழைய பந்திலே கைதேர்ந்த பலர் புதிய பந்துக்குத் தங்கள் கையைப் பழக்குவதற்குத் திண்டாடினார்கள். ஆண்டர்ஸனோ பழைய பந்தைக் கொண்டு 1901-இல் வென்றார். பிறகு புதிய பந்தைக் கொண்டும் வென்றார். இருவகைப் பந்திலும் அமெரிக்க ஓபன் பந்தயத்தை வென்றவர் அவர் ஒருவரே.

1902-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மற்றொரு பெரும் பந்தயமான வெஸ்டர்ன் ஓபனை அவர் 299 அடிகளில் வென்றார். நான்கு சுற்றுகளை 300 அடிக்குள் முடித்தது அந்த நாட்டில் அதுவே முதல் தடவை. 1903-இல் நியூ ஜெர்ஸி மாகாணத்துப் பால்டஸ்ரால் மைதானத்தில் ஓபன் பந்தயம். முதற்சுற்று 73 அடிகள். மூன்று சுற்று முடிவில் அவர் வெகுதூரம் முன்னால் நின்றார். ஆனால் கடைசிச் சுற்றில் 82 அடிகள் எடுத்துத் தடுமாறினார். டேவிட் பிரவுன் என்பவர் வந்து 307 என்ற மொத்தத்தில் சமமாக நின்றார். இந்தப் பிரவுன் ஸ்காட்லாந்தில் கூரைக்குக் கற்பலகை வேயும் தொழிலாளியாக இருந்தவர். 1886-இல் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தையே வென்றவர். மறு ஆட்டத்தில் ஆண்டர்ஸன் 82, பிரவுன் 84.

1904-இல் சிகாகோவுக்கு அருகே க்ளென் வியூ கிளப்பில் இழுபறி ஏதும் இல்லை. கடைசிச் சுற்றை 72 அடிகளில் முடித்து, மொத்தம் 303 எடுத்து, இரண்டாவதாக வந்தவரை ஐந்தடியால் பின்தள்ளினார். 1905-இல் மீண்டும் மயோபியா! சமையலறைச் சச்சரவு நடந்த அதே இடம். அதே எதிராளி அலெக் ஸ்மித். முதல் இரண்டு சுற்றுகளில் 81, 80 என்று பின்தங்கிய ஆண்டர்ஸன், அடுத்த இரண்டில் 76, 77 என்று ஆடி, இரண்டடி வித்தியாசத்தில் வென்றார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் வாகை சூடினார்.

இந்தச் சாதனையின் அளவை நேயர்கள் உணர வேண்டுமானால் பின்வந்த சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். நான்கு முறை அமெரிக்க ஓபன் பந்தயத்தை வென்றவர்களாகப் பாபி ஜோன்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லாஸ் ஆகிய மூவரும் பின்னாளில் அவரோடு சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அவருக்குப் பின் ஒருவரும் இல்லை. 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்ற புரூக்ஸ் கெப்கா 2019-இல் இரண்டாவது இடம் வரை வந்தார். அவராலும் எட்ட முடியவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக அந்தப் படி காலியாகவே கிடக்கிறது.

புகழும் வயிறும்

இத்தனை வெற்றிகள் பெற்ற மனிதர் எங்ஙனம் வாழ்ந்தார்? பதினான்கு ஆண்டுகளில் பத்துக் கிளப்புகளில் அவர் உத்தியோகம் பார்த்தார். மிஸ்க்வாமிகட், மான்ட்கிளேர், அபவாமிஸ், ஆன்வென்ட்சியா, செயின்ட் லூயிஸ், பிலடெல்பியா என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. வட மாகாணங்களில் பனி விழத் தொடங்கினால் மைதானங்கள் மூடப்படும், சம்பளமும் நின்றுவிடும். அப்போது இத்தொழிலாளிகள் வெயில் காயும் தென் மாகாணங்களில் வேலை தேடிச் செல்வார்கள், அல்லது கப்பலேறித் தாய்நாட்டுக்குத் திரும்புவார்கள். நிலையான வீடு என்பது அவர்களுக்கு எட்டாத பொருள்.

ஆண்டு முழுவதிலும் தலைசிறந்த பந்தயத்தில் முதற்பரிசு 200 டாலர் என்றால், பந்தயப் பரிசை நம்பி எவரும் குடும்பம் நடத்த முடியாது என்பது விளங்கும். ஆகவே மட்டை விற்பனை, பாடம், ஊர் ஊராகச் சென்று ஆடும் காட்சி ஆட்டங்கள் ஆகியவற்றை நம்பியே அவர்கள் பிழைத்தார்கள். சங்கீத வித்வானுக்குக் கச்சேரி எப்படியோ, அப்படியே இவர்களுக்குக் காட்சி ஆட்டம். உடம்பு நன்றாக இருக்கும் வரையில் வருவாய் உண்டு. உடம்பு தளர்ந்தால் கேட்பாரில்லை. வியாதிக்கும் முதுமைக்கும் உதவ அவர்களுக்கென்று ஒரு சங்கம் அக்காலத்தில் அமெரிக்காவில் இல்லை.

1906-க்குப் பிறகு ஓபன் பந்தயத்தில் ஆண்டர்ஸனுக்கு வெற்றி கிட்டவில்லை. அந்த ஆண்டு பழைய நண்பரும் போட்டியாளருமான அலெக் ஸ்மித் 295 அடிகளில் வென்றார். ஆயினும் 1908, 1909 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெஸ்டர்ன் ஓபனை வென்று, அந்தப் பந்தயத்திலும் நான்கு வெற்றிகளை ஆண்டர்ஸன் நிறைவு செய்தார்.

முப்பத்தோராம் வயதில்

1910-ஆம் ஆண்டு அவர் பிலடெல்பியா கிரிக்கெட் கிளப்பில் உத்தியோகத்தில் இருந்தார். ஓபன் பந்தயமும் அவ்வாண்டு அந்தக் கிளப்பின் மைதானத்திலேயே நடந்தது. சொந்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது பதினோராம் இடந்தான். வென்றவர் மீண்டும் அலெக் ஸ்மித்.

அக்டோபர் மாதத்தில் காட்சி ஆட்டங்களுக்காக அவர் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். ஒவ்வொரு ஆட்டமும் 36 குழிகள் கொண்டது. கடைசி ஆட்டத்தில் கில் நிக்கல்ஸ் என்பவரும் அவரும் ஒரு பக்கம். வில்லியம் பவுன்ஸ், எபன் பையர்ஸ் என்னும் புகழ்பெற்ற இரண்டு அமெச்சூர் கனவான்கள் மறு பக்கம். கடைசிக் குழி வரை போராடித் தோற்றார்கள். வீடு திரும்பிய ஆண்டர்ஸன் அக்டோபர் 25-ஆம் தேதி காலமானார். அவருடைய முப்பத்தோராவது பிறந்த நாள் கழிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன.

இரத்தக் குழாய்கள் இறுகிப் போனதே மரணத்துக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். குடியே காரணம் என்று வம்பு பேசியவர்களும் உண்டு. பிற்காலத்தில் மரணப் பதிவைத் தேடிப் பார்த்தபோது, காக்கை வலிப்பு என்று அதில் எழுதியிருப்பது தெரிய வந்தது. நோயுள்ள உடம்போடு அந்த வாரம் முழுவதும் அவர் நடந்து நடந்து ஆடியிருக்கிறார். பிலடெல்பியாவிலுள்ள ஐவி ஹில் இடுகாட்டில் அவர் அடக்கமானார்.

கதவு திறந்த காலம்

அவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1916-இல், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1920-இல் டொலீடோ நகரத்து இன்வர்னெஸ் கிளப், ஓபன் பந்தயத்துக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தன் மாளிகைக் கதவுகளைத் திறந்துவிட்டது. அங்கத்தினர்களைப் போலவே அவர்களும் முன்வாசல் வழியாக நுழைந்தார்கள், உடை மாற்றினார்கள், உணவு அருந்தினார்கள். அந்த மரியாதைக்கு நன்றியாக ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, உயரமான மணிக் கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்கு அளித்தார்கள். ஆனால் அதே 1920-இல் இங்கிலாந்தின் டீல் மைதானத்தில் பழைய வழக்கம் மாறவில்லை. அங்கே பிரிட்டிஷ் ஓபன் பந்தயம் ஆடச் சென்ற அமெரிக்கர் வால்டர் ஹேகன், மாளிகைக்குள் அனுமதி இல்லாமையால், வாடகைக்கு அமர்த்திய ஆடம்பர மோட்டார் காரை மாளிகை வாசலில் நிறுத்தி அதிலேயே உடை மாற்றிக்கொண்டார்!

1940-இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தார் புகழ் மண்டபம் ஒன்றை ஏற்படுத்தியபோது, முதலில் தேர்ந்தெடுத்தவர்களுள் வில்லி ஆண்டர்ஸனும் ஒருவர். 1975-இல் உலகக் கோல்ப் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் இடம் பெற்றது. உயிரோடிருந்தபோது கூடாரத்தில் அமர்த்தி உணவிட்டவருக்கு, இறந்து பல்லாண்டு கழிந்தபின் மண்டபம் கிடைத்தது.

அந்த மண்டபம் அவருக்குப் பயன்படவில்லை. கூடாரமோ அவருக்குப் பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது. அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை, சங்கம் கூட்டவில்லை. ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொன்னார், அவ்வளவுதான். பிறகு மைதானத்தில் இறங்கி, எல்லோரையும் விடக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்துக் காட்டினார். கைத்தொழிலாளி தன் வேலையில் குறை வைக்காமலும், தன் மானத்தை விட்டுக் கொடுக்காமலும் இருக்க முடியும் என்பதை அறிய விரும்பும் நம் இளைஞர்கள், கடல் கடந்து போன இந்தப் புல்தரைப் பணியாளர் மகனுடைய வாழ்க்கையையும் படித்து வைப்பது நல்லது.